ஜெர்மன்காரன்ர முழங்கால்

நீங்கள் எப்பவாவது முன்னப்பின்ன தெரியாத ஒரு ஜெர்மன்காரன்ர முழங்காலுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறீங்களா? நான் வைச்சனான். எட்டு வயசில. அந்தோனியாருக்கு ரெண்டு மெழுகுதிரி.

அப்ப நாங்கள் டென்மார்க்கில, பிராண்டே எண்ட சின்ன ஊரில. நான், அப்பா, சித்தப்பா. மூண்டு பேருக்கு ரெண்டு அறை. தம்பி வயித்தில எண்டதால அம்மா யாழ்ப்பாணத்திலேயே நிண்டிட்டா. பிறகு கூப்பிடுவம் எண்டு அப்பா விண்ணப்பம் போட்டார். போட்டார், அவ்வளவுதான். ஒரு கடிதமும் வரேல்லை. நான் சும்மா இருக்கிற ஆளா? விடிய ஒருக்கா, பள்ளிக்கூடத்தால வந்து ஒருக்கா, சாப்பிடேக்க ஒருக்கா, "அம்மா எப்ப வருவா?" அப்பா கோப்பையோட எழும்பிக் குசினிக்குள்ள போயிடுவார்.

சனிக்கிழமை பின்னேரம் எண்டா ரிவியில ஜெர்மன் சனலில பந்தடி. எங்கட வீட்டுக் கடவுள் ஒரு மிட்ஃபீல்டர். சின்ன ஊர்க் கழகத்தில தொடங்கி இருபது வயசில பெரிய கழகத்துக்கு வந்தவன். ஆள் ஓடவே மாட்டான், பந்தைத்தான் ஓடவிடுவான். நாப்பது மீட்டருக்கு அங்கால நிக்கிறவன்ர காலில கொண்டுபோய் வைப்பான். சித்தப்பாவும் ஊரில நடுவிலதான் விளையாடினவராம், ரெண்டு பேரும் ஒரே ரகமாம். சரியான புழுகு.

அந்த வருசம் அவன்ர முழங்கால் பிஞ்சுபோச்சு. ஸ்ட்ரெச்சரில தூக்கிக்கொண்டு போனாங்கள். இனி அவனுக்குப் பந்தே இல்லை எண்டு ஜெர்மன் டொக்டர்மார் கையை விரிச்சிட்டாங்கள். அதைப் பாத்துக்கொண்டிருக்கேக்கதான் நான் திரும்பக் கேட்டன், "அம்மா எப்ப வருவா?"

சித்தப்பாவுக்கு விசர் வந்திட்டுது. "இஞ்ச பாரடி பிள்ளை, இவன் எண்டைக்குத் திரும்ப விளையாட இறங்கிறானோ அதோட கொம்மா வருவா. அதுவரைக்கும் வாய் திறக்கப்படாது."

"சத்தியமா?"

"சத்தியமா. போ அங்கால."

வாய் திறக்கேல்லை. ஆனா ஒரு இடத்தில இருக்கேலாது, நிக்கேலாது. பள்ளிக்கூட நேர்ஸிட்டப் போய், பிஞ்ச முழங்கால் ஒட்ட எத்தினை நாள் எண்டு டேனிஷில கேட்டன். அவ என்ர முழங்காலைத் தடவிப் பாத்தா. சனிக்கிழமையில ரிவிக்கு ஒரு முழம் தள்ளி நிண்டு, மைதானக் கரையில வாங்கில குந்தியிருக்கிற ஆக்களின்ர முகமெல்லாம் தேடினன்.

ஏழு மாசம். ஒருநாள் ரெண்டாம் பாதி முடியிற நேரம் ஆள் மாத்திற பலகையில அவன்ர நம்பர். இறங்கிட்டான்! முதல் பந்தே பிழையான ஆளுக்குப் போச்சு, எனக்கென்ன. நான் சோபாவில ஏறிக் குதிக்கிறன். சித்தப்பா வெளிறிப்போய், "இவனுக்கு இப்ப என்ன அவசரம்?" எண்டார்.

அந்தக் காலம் ஊருக்குக் கசெற்றில குரல் பதிஞ்சுதான் அனுப்புறது. அப்பா அந்தக் கிழமை பேசி முடிச்சு மேசையில வைச்சிருந்தார். கடைசியில கொஞ்ச இடம் மிச்சம். நான் பட்டனை அமத்தினன். "அம்மா, எல்லாம் சரி வந்திட்டுது. வெளிக்கிடுங்கோ. தம்பிக்குச் சப்பாத்துப் போடுங்கோ, இஞ்ச குளிர்." ஜெர்மன்காரனைப் பற்றி மூச்சு விடேல்லை. அம்மாவுக்குப் பந்தடி விளங்காதெல்லோ.

ரெண்டு மாசத்தால அம்மாவின்ர கசெற் வந்தது. கொழும்பிலயிருந்து. "பிள்ளை சொன்ன உடன வெளிக்கிட்டிட்டன். மூண்டு நாள் ரோட்டில. எத்தினை செக்பொயின்ற் எண்டு எண்ணேல்லை. லொட்ஜில நிக்கிறம். விசா எங்க போய் எடுக்கிறது எண்டு சொல்லுங்கோ." பின்னால தம்பி இருமிறான்.

அப்பா கசெற்றைப் பின்னுக்குச் சுத்திவிட்டுத் திரும்பக் கேட்டார். எனக்கு அடிக்கேல்லை. சித்தப்பா ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியில போயிட்டார். அம்மாட்ட முதல்ல சொல்லுறதுக்கு எல்லாரும் ஆசைப்பட்டிருக்கினம், நான் முந்திட்டன், அதுதான் கோவம் எண்டு நினைச்சன். "பிளேன் எத்தினை மணிக்கு?" எண்டு வேற கேட்டன்.

அந்த ரோட்டில அப்ப சனம் என்ன பாடு பட்டது எண்டு எனக்கெங்க தெரியும். குடும்பத்தைக் கூப்பிடுற தமிழ் ஆக்களின்ர ஃபைலுகளைத் தொடாதேங்கோ எண்டு டேனிஷ் மந்திரியே மேல இருந்து சொல்லிக்கிடந்ததும் தெரியாது. அது வெளியில வந்து, தமிழ் கேஸ் எண்டு நாடே கத்தி, அரசாங்கமே கவிண்டது பிறகுதானே. இனி வரவே மாட்டான் எண்டுதான் சித்தப்பா அந்த ஜெர்மன்காரனைத் தெரிஞ்செடுத்தவர் எண்டு விளங்கவும் கனகாலம் பிடிச்சுது. அவன் திரும்ப வந்து ஒரு சீசன் வாங்கில குந்தியிருந்து, ரெண்டாம் டிவிசனுக்குப் போய், பந்தையே விட்டிட்டான். அம்மா அதைவிடக் கூடக் காலம் அந்த லொட்ஜில இருந்தவ.

இப்ப ரிமோட் அம்மாட்ட. பந்தடி வந்தா மாத்திப்போடுவா.