தலைவரி

வாடிக்கையாளரின் தலையை ஒருபக்கம் சாய்த்து, கத்திரி காது மடலை ஒட்டிப் போகும் நேரம் பார்த்துத்தான் கத்திரியக்கா கேட்பார். "பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குக் காலைச் சாப்பாடு போடறோம்ல, அதுக்கு ஏதாவது போடுங்கண்ணே." அந்த நேரத்தில் யாராலும் இல்லை என்று தலையாட்ட முடியாது. ஆட்டினால் காது போகும்.

கண்ணாடிக்குக் கீழே, சீப்புகளுக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவே தகர உண்டியல் இருக்கிறது. பிள்ளைகளின் பசிக்காக நிதி திரட்டும் ஒரு சங்கம் கொடுத்தது. முடிவெட்டும் கூலி தனி. அதற்குமேல் தலைக்கு இவ்வளவு என்று அக்கா வாங்குவதற்குத் தெருவில் 'தலைவரி' என்று பெயர். "மத்த கடையில முடிதான் வெட்டுவாங்க. இங்க மொட்டையே அடிச்சிடுவாங்க" என்று அலுத்துக்கொண்டே போடுகிறவர் எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர். அவருக்கு உச்சியில் வழுக்கை. "எனக்குப் பாதித் தலைதானேம்மா, வரியும் பாதிதானே?" என்பார். "இருக்கிற நாலு முடியத் தேடிப் பிடிச்சு வெட்டறேன் பாருங்க, அந்த அலைச்சலுக்கு நீங்கதான் கூடப் போடணும்" என்பார் அக்கா. கூடத்தான் போடுவார். தெருவிலேயே அதிகம் போடுகிறவர் அவர்தான்.

'கத்திரி அக்கா' என்பதைச் சின்னப் பிள்ளைகள் வேகமாகச் சொல்லிச் சொல்லிக் 'கத்திரிக்கா' ஆக்கிவிட்டார்கள். அக்காவுக்கு அதில் கோபமில்லை. "முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும், வந்துட்டேன்" என்று சிரிப்பார். நாற்பதைக் கடந்தவர், ஒல்லி. சீப்பைப் பல்லில் கவ்விக்கொண்டும் பேச வரும். ஆட்களை அவருக்கு முகத்தால் தெரியாது. தெருவில் எதிரே வந்து சிரித்தால் யாரென்று விழிப்பார். திரும்பிப் பின்மண்டையைக் காட்டிவிட்டால் போதும். வீடு, வேலை, மாமியார் சண்டை வரை ஒன்று விடாமல் சொல்லிவிடுவார். பேருந்து ஓட்டும் அவருடைய கணவர், "பேசற வார்த்தைக்கு வரி போட்டா நம்ம வீடு ஏலத்துக்குப் போயிடும்" என்பார்.

உண்டியல் வந்ததும் முடியால்தான். ஒருமுறை பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாக முடிவெட்டப் போனார். சில தலைகளில் முடி தவிட்டு நிறத்தில், நார் போல, சீப்பால் இழுத்தால் கையோடு வந்தது. வெயிலில் செம்பட்டை பாய்ந்தது என்றால் நுனியில்தான் இருக்கும். இது வேரிலிருந்தே அப்படி. அங்கே வந்திருந்த மருத்துவரம்மாவிடம் கேட்டபோது, "சாப்பாடு போதலம்மா. உடம்புக்கே பத்தலைன்னா முடிக்கு எங்க போகும்?" என்றார். தினமும் முடியையே பார்க்கிற தனக்கு இது ஏன் தெரியாமல் போயிற்று என்று அக்கா வெகுநாள் யோசித்தார். பிறகு சங்கத்திடம் உண்டியலை வாங்கி வைத்து, பார்த்ததையே நாற்காலியில் உட்கார்கிறவர்களுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார். "முடி பொய் சொல்லாதுண்ணே. பிள்ளை சாப்பிட்டேன்னு சொல்லும், அம்மாவும் சொல்லுவா. முடியப் பாருங்க, உண்மையக் கக்கிடும்." கேட்டவர்களுக்கு மனம் இளகியது, உண்டியல் நிறைந்தது. பள்ளிக்கூடத்தின் பக்கத்து அறையில் காலையில் ரொட்டியும் முட்டையும் பாலும் தடையில்லாமல் நடந்தன.

அங்கே பரிமாறுகிற அம்மாள் ஒருநாள் முடிவெட்டிக்கொள்ள வந்தார். பேச்சுவாக்கில், "அந்தப் பட்டன் தைக்கிறவ பொண்ணு இப்பல்லாம் சாப்பிட வர்றதே இல்ல" என்றார்.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தலையில குல்லா மாட்டிக்கிட்டு நேரா வகுப்புக்குப் போயிடுது. அவங்கம்மாவக் கேட்டேன். 'எங்க வீட்ல சோறு இருக்கு, யாரும் எம்பொண்ணு முடியப் பாத்துக் கணக்குப் போட வேணாம்'னு வெடுக்குன்னு சொல்லிட்டா. எனக்கு ஒண்ணும் புரியல. உனக்குப் புரியுதா?"

கத்திரி அந்தரத்தில் நின்றது. அக்காவுக்குப் புரிந்தது. போன வாரம் மருந்துக்கடைக்காரருக்கு வெட்டிக்கொண்டே முடிக்கதையை முழுதாகச் சொன்ன அன்று, பின்னால் பெஞ்சில் ஒரு பெண்ணும் சிறுமியும் முறைக்குக் காத்திருந்தார்கள். கதை முடிந்து அக்கா திரும்பியபோது பெஞ்சு காலி. அவசர வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவர்கள் முகத்தைத்தான் பார்த்திருந்தார், தலையைப் பார்க்கவில்லை.

அன்று கடையைக் கூட்டும்போது, வெட்டிய முடியை அள்ளிவிடலாம், கொட்டிய வார்த்தையை எதால் கூட்டுவது என்று தோன்றியது. வீட்டில் சொன்னபோது கணவர், "தவளை தன் வாயால…" என்று ஆரம்பித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார்.

மறுநாளே பட்டன் தைக்கிறவள் வீட்டுக்குப் போனார். ஒரே அறை. தரை முழுக்கச் சட்டைகள். அவள் எழுந்து இடம் ஒதுக்கினாள், தண்ணீர் கொடுத்தாள். மரியாதைக்கு ஒரு குறையுமில்லை.

"நான் உம்பொண்ண நெனச்சு சொல்லலம்மா, சத்தியமா."

"தெரியும்க்கா. நீங்க நல்லதுதான் பண்றீங்க. ஆனா அவ அன்னைக்கு வீட்டுக்கு வந்து, 'அம்மா, என் முடிய எல்லாருக்கும் படிக்கத் தெரியுமா'ன்னு கேட்டா. நான் என்னன்னு சொல்றது?"

அக்கா தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"இனிமே நான் வாயே திறக்கல. பிள்ளையை மட்டும் அனுப்பு. வெறும் வயித்தோட உக்காந்து என்ன படிக்கும்?"

"நீங்க ஒருத்தர் வாய மூடினா ஆச்சா? அந்த அறைக்குள்ள யாரு நுழையறாங்கன்னு ஊருக்கே தெரியும். நுழைஞ்சாலே நெத்தியில எழுதி ஒட்டின மாதிரிதான்." ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள், குரல் உயரவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கதவுதான் அக்காவின் நினைவில் ஆடியது. இல்லாத பிள்ளைகள் மட்டும் நுழைகிற கதவு. அதை அப்படி ஆக்கியதில் தன் உண்டியலுக்கும் பங்குண்டோ? இருக்கிற பிள்ளைகளும் நுழைந்தால் அது வெறும் கதவுதானே?

அடுத்த நாள் தன் மகளை இழுத்துக்கொண்டு போய் அந்த அறையில் உட்கார வைத்தார். "நான் வீட்லயே சாப்பிட்டுட்டேனேம்மா" என்றாள் மகள். "இன்னொரு தரம் சாப்பிடு. ஒண்ணும் ஆயிடாது" என்று பக்கத்தில் தானும் ஒரு தட்டோடு உட்கார்ந்துகொண்டார்.

கடையில் முடிக்கதை நின்றது. காதோரம் கத்திரி போகும் நேரத்தில் இப்போது வேறொன்று கேட்டார். "காசு போட்டது போதும்ணே. உங்க பையனக் காலையில அங்க சாப்பிட அனுப்புங்க."

உண்டியலில் தாராளமாகப் போட்டவர்கள் இதற்கு நெளிந்தார்கள். ஒருவருடைய பிள்ளை காலையில் பாலே குடிக்காதாம். இன்னொருவர் மனைவியைக் கேட்க வேண்டுமாம். மருந்துக்கடைக்காரர் துணிப்போர்வைக்குள் கையைப் பிசைந்தார். "என் பையனா? பாக்கறவங்க என்னம்மா நெனப்பாங்க? வேணா காசு இன்னும் கொஞ்சம் சேத்துப் போடறேனே."

"காசு இருக்குண்ணே. ஆள்தான் இல்ல."

"இருக்கறவன் பிள்ளை போய்த் தின்னா இல்லாத பிள்ளைக்குக் குறையாதா?"

அது நியாயமான கேள்வி. அக்கா அவர் கழுத்து மயிரைத் தட்டிவிட்டார். "குறையும்தான். அதனால காசையும் போடுங்க, பையனையும் அனுப்புங்க."

"ஒரு தலைக்கு ரெண்டு வரியா!" என்று அவர் எழுந்தார். போட்டது காசு மட்டும்தான். அந்த வாரம் முழுக்க அறையில் அக்காவும் மகளும்தான் புதுமுகங்கள். பட்டன் தைக்கிறவள் பெண் வாசலைக் கடக்கும்போது நடையை விரைவாக்கிக்கொண்டு போவதை ஜன்னல் வழியே பார்க்க முடிந்தது. இது வீண் வேலையோ, தன் மனம் ஆறத்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறோமோ என்றுகூட அக்காவுக்குத் தோன்றியது. ஆனாலும் மறுநாளும் உட்கார்ந்தார்.

பிறகு ஒரு காலை, மருந்துக்கடைக்காரர் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். "முட்டைன்னா உயிர விடுவான். சரி, வந்துட்டுப் போகட்டும்னு…" என்று இழுத்தார். வந்தவர் திரும்பிப் போகவும் இல்லை, சுவரில் ஏதோ படிப்பதுபோல் நின்றுகொண்டார். பையன் முதல் முட்டையை விழுங்கிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினான். "டேய், மானத்த வாங்காதடா" என்றார் அப்பா. அறையே சிரித்தது. வகுப்பு ஆசிரியையின் மகளும் அன்று வந்திருந்தாள். பெஞ்சுகள் நெருக்கமாகிவிட்டன.

அந்தச் சிரிப்பின் நடுவில் வாசலில் இன்னொரு நிழல் விழுந்தது. பட்டன் தைக்கிறவள் உள்ளே ஒரு பார்வை ஓட்டினாள். முட்டைக்காகச் சண்டை போடும் மருந்துக்கடைப் பையனை, ஆசிரியையின் மகளை, சுவரைப் படிக்கும் பெரிய மனிதரை. பிறகு மகளின் விரல்களை மெல்ல விட்டாள். சிறுமி உள்ளே வந்து, எங்கே உட்காருவது என்று தயங்கி நின்றாள்.

அக்கா தன் மகளுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை. பார்வையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, ரொட்டியைப் பிட்டபடி, பெஞ்சில் ஓர் ஆள் அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.