கண்டக்டர் துடைக்காத கோலம்

“குடும்பத்துல ஒரு ஆள் வேலைக்கு வரோணுமுங்க. அப்பத்தான் புள்ளையை டீம்ல சேர்த்துக்குவோம்.”

கண்டக்டர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். பீளமேட்டில் மூடிக் கிடந்த ஒரு மில்லுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில், ஒரு வேப்பமரத்தடியில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். நான் அன்றைக்குப் பயந்துகொண்டு போயிருந்தேன். ஏதாவது தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள், என் பேரை எழுதி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துப்போகுமே என்று யோசனை. அவர் தாளும் கேட்கவில்லை, பேனாவும் நீட்டவில்லை. ஆள்தான் கேட்டார்.

“எங்க ஊட்டுல இருக்கறது நானும் இவளுந்தானுங்க” என்றேன்.

“அப்ப நீங்கதானுங்க அந்த ஆளு” என்றார். அவ்வளவுதான், சேர்த்தாகிவிட்டது.

இவள் என்று நான் சொன்னது என் கடைசித் தங்கச்சியின் மகளை. ஆறு பேரில் நான் மூத்தவள், தங்கச்சி கடைசி. அவளுக்கும் கலியாணம் ஆகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் இந்தக் குட்டி. தங்கச்சிக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றும் வேலை. நாளெல்லாம் நின்றுகொண்டே செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் கூப்பிட்டுவிடுவார்கள். மாப்பிள்ளை லாரியில் வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. படிப்புக்கு நல்ல பள்ளிக்கூடம் என்று குட்டியைப் பீளமேட்டில் என்னிடம் விட்டிருந்தார்கள். காட்டு வேலை, மில் வேலை எல்லாம் முடித்து, நானும் அப்போது சும்மாதான் இருந்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், “பெரியம்மா, நான் பேஸ்பால் ஆடப்போறேன்” என்றாள். நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. அவளே தரையில் நான்கு தட்டம் வைத்துக் காட்டினாள். ஒருத்தர் பந்து எறிய, ஒருத்தர் உருட்டுக்கட்டை மாதிரி ஒரு மட்டையால் அடிக்க வேண்டும். அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். மூன்று மூலையைத் தொட்டுச் சுற்றி, கிளம்பின இடத்துக்கே வந்து அதை மிதித்தால் ஒரு ரன், அதற்குள் பந்து முந்திக்கொண்டால் அவுட். அந்த இடத்துக்கு ஹோம் என்று பேர். கண்டக்டரும் பிள்ளைகளும் அதை ‘ஊடு’ என்பார்கள்.

கண்டக்டர் பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேரை அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, எல்லோருக்கும் கண்டக்டர்தான். அவர்தான் அம்பயர். ரப்பர் பலகையாய்க் கிடக்கும் ஹோமுக்குப் பின்னால் குனிந்து நின்று, பந்து சரியா தப்பா, ஆள் அவுட்டா இல்லையா என்று சொல்ல வேண்டியவர். இடுப்பில் ஒரு சின்னத் துடைப்பம் செருகியிருப்பார். பலகையில் மண் ஏறினால் உடனே எடுத்துத் துடைப்பார்.

அவர் அம்பயர் வேலை பார்க்கிறதைப் பார்க்கவே நான் சீக்கிரம் கிளம்பிப் போவேன். குரல் ஊருக்கே கேட்கும். ஆனால் அவுட் என்று ஒரு பிள்ளையிடம் வெடுக்கென்று சொல்ல அவருக்கு வாய் வராது. “அவுட்டுங்க கண்ணு, போய்த் தண்ணி குடிச்சுட்டு உக்காருங்க” என்பார். ஆள் தப்பித்து வந்து சேர்ந்துவிட்டால் சேஃப் என்று சொல்ல வேண்டுமாம். இவர் கையை வீசி, “ரைட்டு!” என்பார், பஸ் கிளம்புகிற மாதிரி. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா ஒருத்தர் ஒரு நாள், “அங்கிள், அது கிளியரா சேஃப்” என்று ஓரத்திலிருந்து கத்தினார். கண்டக்டர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பி, “ஏனுங் தம்பி, பஸ்ஸுக்குள்ள எத்தன பேருன்னு ரோட்டுல நிக்கறவருக்கு எப்புடீங்க தெரியும்?” என்றார். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

அங்கே குடும்பங்கள்தான் எல்லாம். வெளியிலிருந்து ஒரு கூலியாள் கிடையாது. பந்து பக்கத்து மாட்டுச்சாளைக்குள் போய் விழுந்தால் எடுத்து வருவதற்கு இரண்டு எஞ்சினியர் அப்பாக்கள். அதில் ஒருத்தருக்கு மாடு என்றால் பயம், அவரைத்தான் எல்லோரும் வேண்டுமென்றே அனுப்புவார்கள். சர்ச்சுக்குப் பக்கத்தில் குடியிருந்த நர்சம்மா பஞ்சும் ஐஸும் எடுத்து வருவார். அவர்கள் பூசை முடித்து வர வேண்டும் என்பதற்காகவே ஆட்டத்தை ஒன்பது மணிக்கு மேல்தான் ஆரம்பிப்பது. மெஸ் வைத்திருந்தவர் எலுமிச்சஞ்சோறு கிண்டி வருவார். எந்தப் பிள்ளையும் எந்த ஊட்டுத் தூக்குப்போசியிலும் கை விட்டுச் சாப்பிடும். நான் என் ஊட்டிலிருந்து கொண்டுபோன கம்மஞ்சோற்றையும் மோரையும் அந்தப் பெரிய பெரிய வீட்டுப் பிள்ளைகள் சண்டை போட்டுக் குடித்தார்கள். என் சின்ன வயதில் நான் களை எடுத்த காடுகளில் எங்களுக்கு மோர் ஊற்றிய விதம் வேறு. அது எனக்கு ஞாபகம் வந்தது, வந்தபடியே போய்விட்டது.

“உங்களுக்கு என்ன வேலைங்க வரும்?” என்று கண்டக்டர் கேட்டபோது, “கோடு போட வருமுங்க” என்றேன். மைதானத்தில் வெள்ளைக் கோடு வேண்டும். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதில்தான் பாதிச் சண்டை. முன்னால் சுண்ணாம்புத் தூள் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கண்ணில் பட்டால் ஆபத்து என்று நர்சம்மா தடுத்தார். அதனால் கோலப்பொடி. குச்சி நட்டு, கயிறு கட்டி, குனிந்த இடுப்பு நிமிராமல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போட்டுவிடுவேன். கொஞ்ச நாளில், “பெரியம்மா கோட்டுக்கு வெளிய போயிருச்சுங்க” என்று கண்டக்டர் சொல்ல ஆரம்பித்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் பெரியம்மா ஆகிவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது, அதில் என்ன பொய்.

கண்டக்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். “உங்க புள்ளைக்குச் சொல்லிக்குடுக்கோணும்னா ஊட்டுல சொல்லுங்க. இங்க வாயத் தொறந்தா அடுத்த ஊட்டுப் புள்ளைக்காகத்தான் தொறக்கோணும்.” தன் பிள்ளையைப் பார்த்து ஓடு, நில்லு, அடி என்று யாராவது கத்தினால், அடுத்த வாரம் முழுக்க மாட்டுச்சாளை வேலை அவர்களுக்கு. அதனால் அங்கே எல்லோரும் யார் யார் பிள்ளைக்கோ தொண்டை கிழியக் கத்துவார்கள்.

குட்டி ஆடத்தான் ஆடினாள். ஆனால் ஒரு தடவைகூட ஊடு வந்து சேரவில்லை. ஒன்று அவுட் ஆகிவிடுவாள், இல்லாவிட்டால் மூன்றாவது மூலையில் நின்றுகொண்டிருக்கும்போதே ஆட்டம் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்கச்சி போன் போடுவாள்.

“வந்தாளாக்கா?”

“இல்ல அம்மணி. மூணாவது மூலை வரைக்கும் வந்துட்டா.”

“ஆகட்டும், அடுத்த வாரம் வந்துருவா.”

இப்படியே சீசன் போய்விட்டது. கடைசி ஆட்டத்துக்குத் தங்கச்சி சூப்பர்வைசரிடம் கெஞ்சி லீவு கேட்டாள். மகள் ஒரு தடவை சுற்றி வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றாள். குட்டியிடமும் சொல்லிவிட்டாள். ராத்திரி அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளேதான் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து ஆடுவார்கள். அன்றைக்கு எதிர்க் கோஷ்டி ஒன்பது ரன் எடுத்துவிட்டது, எங்களுக்கு ஒன்றும் இல்லை. கடைசியாக ஒரே ஒரு முறை எங்கள் பிள்ளைகள் அடிக்க வேண்டியது பாக்கி. தங்கச்சியைக் காணோம். இடைவேளையில் அழிந்த கோட்டையெல்லாம் நான் மறுபடி போட்டுக்கொண்டு வந்தேன். ஹோம் பக்கம் வந்தபோது, கம்பெனியில் கொடுத்த நீலக் கோட்டுச் சட்டையோடு, செருப்பு ஒரு பக்கம் வார் அறுந்து, தங்கச்சி ஓடிவந்தாள். கேட்ட லீவில் பாதிதான் கொடுத்தார்களாம். “முடிஞ்சு போச்சாக்கா?” என்றாள். “இல்ல, இனித்தான் உம்புள்ளை அடிக்கப்போறா” என்றேன்.

எனக்கு அப்போது வந்த சந்தோசம் கொஞ்சமல்ல, கையில் பொடியும் மிச்சம் இருந்தது. முன்னால் அந்த ரப்பர் பலகை, லாரி டயரில் வெட்டினது, கருகருவென்று மழுக்கென்று கிடந்தது. கை தன்னாலே போய்விட்டது. நடுவில் ஒரு பூ, சுற்றி எட்டு இதழ், மூலைக்கொரு சுழி. கருப்பில் வெள்ளை. அத்தனை எடுப்பாக என் வாசலில்கூட விழுந்ததில்லை.

கண்டக்டர் வந்தார். துடைப்பத்தை உருவினார். கோலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துடைப்பத்தை இடுப்பிலேயே செருகிக்கொண்டு, “அழகா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார்.

முதல் இரண்டு பிள்ளைகளும் அவுட். மூன்றாவது குட்டி. மூன்று பேர் அவுட் ஆனால் அந்த முறை தீர்ந்தது என்பது கணக்கு, இவளும் அவுட் ஆனால் ஆட்டமே முடிந்தது. எறிந்த பந்தை அடித்தாள் பாருங்கள், நேராக வேலிக்குப் போய்விட்டது. ஓடினாள். ஒரு மூலை, இரண்டு மூலை. மூன்றாவது மூலையைத் தாண்டும்போது வேலிப் பக்கமிருந்து பந்தை எறிந்துவிட்டார்கள். தங்கச்சி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. குட்டி ஓடிவந்தாள், வந்தாள், ஹோமுக்குப் பக்கத்தில் வந்து கீழே பார்த்தாள். பார்த்தவள் காலைத் தூக்கி ஒரே தாண்டு, கோலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்துவிட்டாள்.

தவழ்கிற வயதிலிருந்து நான் சொல்லி வளர்த்தது. கோலத்தை மிதிக்காதே, சுற்றிப் போ, தாண்டிப் போ.

மைதானமே கத்தியது. குட்டி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதிக்கிறாள். தங்கச்சி கை தட்டுகிறாள். கண்டக்டர் மட்டும் கையை வீசவில்லை, ரைட்டு என்றும் சொல்லவில்லை. மிதிக்காமல் ரன் இல்லை. எதிர்க் கோஷ்டி பந்தோடு வந்து பலகையை மிதித்து, ‘இவ தொடலை’ என்று சொன்னால் அவள் அவுட்.

பந்து நர்சம்மா மகனிடம் வந்துவிட்டது. அன்றைக்கு எதிர்க் கோஷ்டியில், ஹோமுக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கிறவன் அவன்தான். அவள் மிதிக்காததை அவனும் பார்த்திருக்கிறான். ஒரு எட்டு வைத்து வந்தவன், கோலத்தண்டை அப்படியே நின்றுவிட்டான். மிதிக்கத் தூக்கின காலை இறக்க இடமில்லாமல் தடுமாறினான். நர்சம்மா தாளமாட்டாமல், “தொடு சாமி!” என்று கத்திவிட்டு, கண்டக்டர் திரும்பினதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சார், கோலமுங்க சார்” என்றான் அவன்.

“நான் ஒண்ணும் சொல்லக்கூடாதுங்க கண்ணு” என்றார் கண்டக்டர். அவர் முகம் செவந்துபோயிருந்தது.

அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பினான். “பெரியம்மா, இதை மிதிச்சுக்கட்டுங்களா?”

வேண்டாம் சாமி என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நின்றிருப்பான், அப்பேர்ப்பட்ட பிள்ளை. பக்கத்தில் தங்கச்சி இன்னும் தட்டிக்கொண்டே இருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

“மிதிச்சுக்க சாமி! வாசல்ல போடறதே நாலு பேரு மிதிச்சுட்டு உள்ள வரத்தான்!” என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். மாட்டுச்சாளை வரைக்கும் கேட்டிருக்கும். அடுத்த ஊட்டுப் பிள்ளைக்குத்தானே சொன்னேன், சட்டத்தில் தப்பு ஒன்றும் இல்லை.

அவன் தலையை ஆட்டிவிட்டு, உடனே உட்கார்ந்து பூட்சைக் கழற்ற ஆரம்பித்தான். செருப்புக் காலோடு கோலத்தை மிதிக்க அவனுக்கு மனசு வரவில்லை. கயிறு முடிச்சு விழுந்துவிட்டது. இதற்குள் குட்டி திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், கயிற்றோடு மல்லுக்கட்டும் அவனைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடிவந்து நெஞ்சு தரையில் பட விழுந்தாள் கோலத்தின் மேல். பூவும் போச்சு, இதழும் போச்சு. சட்டையெல்லாம் வெள்ளை.

“ரைட்டூ!” என்றார் கண்டக்டர். அந்த வயதில் அவர் குதித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நர்சம்மா மகன் ஒரு பூட்சைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். “ஏனுங்கம்மா, கோலம் போட்டே எங்களை ஏமாத்திப்போட்டீங்களே!” என்று நர்சம்மா வந்தார். “ஏனுங்க, உங்க பையனுக்குச் செருப்புப் போட்டு விடாம இருந்திருக்கலாமில்ல” என்றேன். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். தங்கச்சிதான், “ஏனக்கா, வந்தவ மறுபடியும் எதுக்கு வந்து உழுந்தா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “பொறகு சொல்றேன், நீ தட்டு” என்றேன். அடுத்த பிள்ளை அவுட். ஒன்பதுக்கு ஒன்று. தோற்றவர்கள் குதிக்கிறோம், கப்பு வாங்கினவர்கள் நின்று எங்களை வேடிக்கை பார்க்கிறார்கள்.

கண்டக்டர் என்னிடம் வந்து, “சர்வீஸ் முழுக்க டிக்கெட் இல்லாம ஒருத்தரை விட்டதில்லீங்க. இன்னைக்கு ஒரு கோலத்தை விட்டுட்டேன்” என்றார்.

இப்போது அவர் சோமனூரில் மகன் வீட்டில் இருக்கிறார். தறிச் சத்தத்தில் அவர் குரலுக்குத்தான் ஏற்ற இடம். இங்கே ஒரு எஞ்சினியர் பெண் அம்பயராக நிற்கிறாள். சேஃப் என்று திருத்தமாகச் சொல்கிறாள், பலகையை மணிக்கொரு தரம் துடைக்கிறாள். நல்ல பிள்ளை. குடும்பங்கள் இரட்டிப்பாகிவிட்டன. எனக்கு மூட்டு வலி, அதனால் நீளக் கோட்டைக் குட்டி போடுகிறாள், வளைவுக்கு மட்டும் நான். அவள் பிறகு எத்தனையோ ரன் எடுத்துவிட்டாள். அதெல்லாம் எனக்கு மறந்துபோகிறது.

அந்த முதல் ரன் எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் தங்கச்சியைப் பஸ் ஏற்ற ஸ்டாப்புக்குப் போனோம். கண்டக்டரும் கூடவே வந்தார். அவள் லாரியில் இருந்த மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, அங்கே இரைச்சலில் காது கேட்காமல், “வந்துட்டாளுங்க! உங்க மக வந்துட்டாளுங்க!” என்று கத்தினாள். ஸ்டாப்பில் நின்ற ஒரு பெரியவர், “ஊட்டுல விசேசங்களா அம்மணி?” என்று கேட்டார். “ஆமாங்க, விசேசந்தானுங்க” என்றாள் இவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

காந்திபுரம் பஸ் வந்தது, படிக்கட்டு வரை கூட்டம். கண்டக்டர் உள்ளே தலையை நீட்டி, அந்த இளவட்டக் கண்டக்டரிடம், “தம்பி, இவங்க புள்ளை இன்னைக்கு ஒரு ரன் எடுத்திருக்குதுங்க. உக்கார இடம் பண்ணிக் குடுங்க” என்றார்.

“டீம் செயிச்சுதுங்களாண்ணா?” என்று கேட்டான் அவன்.

“அது தோத்துப்போச்சுங்க. நான் ரன்னைப் பத்திப் பேசறேன்.”

பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது. யாரோ ஒருவர் எழுந்து இடம் விட்டார். நாளெல்லாம் நின்று வேலை செய்கிற என் தங்கச்சி, ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள்.