வலிக்காத காலோடு பாபநாசத்துக்கு

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் புன்னக்காயலில் பேருந்து ஏறினோம், நானும் என் அண்ணனும். ஆறு கடலில் விழுகிற ஊரிலிருந்து ஆறு மலையிறங்குகிற ஊருக்குப் பயணம். கேட்க அழகாகத்தான் இருக்கும். பாபநாசத்துக்குச் சாமி கும்பிடப் போகிறவர்கள் உண்டு, அருவியில் குளிக்கப் போகிறவர்கள் உண்டு. நாங்கள் போனது மாத்திரை இல்லாமல் சர்க்கரையை விரட்டும் ஐந்து நாள் இயற்கை நலவாழ்வு முகாமுக்கு. ஆளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், சாப்பாடு உட்பட. சாப்பாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அண்ணன் வல்லத்தில் கடலுக்குப் போகிறவன். வயது ஐம்பத்து நாலு. சர்க்கரை வந்து பல வருஷமாயிற்று. போன வருஷம் பாதத்தில் உணர்ச்சியும் போய்விட்டது. தூத்துக்குடி டாக்டர் அவனைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைக் குத்திக் குத்திப் பார்த்தார். இவன், எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. வெறுங்காலோடு ஓரடி வைக்கக் கூடாது, புண் வந்தால் உனக்குத் தெரியாது, தெரியும்போது காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். காலை எடுத்தால் கடலும் போச்சு. ஆடுகிற வல்லத்தில் நிற்க, கால்விரல்கள் பலகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மெத்தென்ற செருப்பு ஒன்றும் எழுதிக் கொடுத்தார். எங்கள் கரையில் செருப்புக் காலோடு வல்லத்தில் ஏறுகிறவன் கிடையாது. ஏறினால் கூட இருப்பவர்களே இறக்கிவிடுவார்கள். கரையிலாவது போடு என்றால், மணலில் செருப்பு எதற்கு என்பான். அந்தச் செருப்பு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் போனது. அங்கேயும் மாதா கோயில் வாசலோடு சரி. அந்த நேரம் பார்த்துத்தான் அவன் போனுக்கு முகாமின் காணொளி வந்து சேர்ந்தது. பூமியில் பாதம் படாததால்தான் நோய் வருகிறதாம். டாக்டர் பேச்சைக் கேட்டு முகம் சுண்டிப்போயிருந்தவனுக்கு உயிர் வந்தது. “நம்ம ஆளுவ செய்யுததத்தான் அவரும் சொல்லுதாரு” என்று தெருவெல்லாம் காட்டினான். எவ்வளவோ சண்டை போட்டேன், தங்கச்சி பேச்சுக்கு அசையவில்லை. துறைமுகத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு, காவலுக்குக் கூடவே கிளம்பினேன்.

ஆத்தூரில் வண்டி மாறி, ஏரல், ஸ்ரீவைகுண்டம் வழியாகத் திருநெல்வேலி. வழியெல்லாம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியதும் அண்ணன் அல்வாக் கடையை ஒரு பார்வை பார்த்தான். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். பாபநாசம் வண்டியில் ஆளுக்கு நாற்பத்திரண்டு ரூபாய். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று இரண்டு மணி நேரம். அம்பாசமுத்திரம் தாண்டியதும் மலை ஜன்னலுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அவன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தான். எனக்கு மலை பார்க்கிற மனநிலை இல்லை.

முகாம் பேருந்து நிறுத்தத்திலிருந்து மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். ஒரு தென்னந்தோப்புக்குள் ஓட்டுக் கூரைகள். வாசலில் ஒரு மரப்பெட்டி. செருப்புகளை அதில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள், கிளம்பும்போதுதான் கிடைக்கும். அதன் பக்கத்தில் ஒரு மண்பானை. வந்தவர்கள் மாத்திரை அட்டைகளை அதில் போட வேண்டும், போடும்போது மற்றவர்கள் கைதட்டுவார்கள். அண்ணன் காணிக்கை போடுகிற மாதிரி போட்டான். என் கைப்பையில் இன்னும் இரண்டு அட்டை ஒளித்து வைத்திருந்தேன். இரவு நீட்டியபோது, துரோகம் செய்யச் சொல்லாதே என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நடத்துகிறவர் வெள்ளை வேட்டி கட்டிய, அமைதியாகப் பேசுகிற மனிதர். எல்லோரும் ஐயா என்றார்கள். திருடர் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். சொன்னதையெல்லாம் அவரும் செய்தார்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு மணியடித்தார்கள். நல்லெண்ணெய் கொப்பளிப்பது, ஆவாரம்பூக் கஷாயம், ஆற்றுக் குளியல். படித்துறையில் பாவம் தொலைக்க வந்தவர்கள் அவிழ்த்துவிட்ட வேட்டியும் சேலையும் காலைச் சுற்றின. சீயக்காய்ப் பாக்கெட்டுகள் மிதந்தன. இது மூலிகைத் தண்ணீர், பொதிகையின் அத்தனை வேரையும் கழுவி வருகிறது என்றார் ஐயா. கழுவி வருகிற மற்றதெல்லாம் கடைசியில் எங்கள் ஊருக்குத்தான் வருகிறது என்று நான் சொல்லவில்லை. காலைச் சாப்பாடு ஊறவைத்த பயறும் வாழைத்தண்டுச் சாறும். மதியம் வேகவைக்காத காய்கறி. இரவு ஒரு கொய்யா. மீன்காரக் குடும்பத்துக்கு இது தவக்காலத்தை விட மோசம்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் சாப்பிடு, சீக்கிரம் படு, போனைத் தள்ளி வை, மூச்சைக் கவனி, தினமும் நட என்று அவர்கள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. இதையே மாத்திரையோடு செய், செருப்போடு நட என்று சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு நானே மாலை போட்டிருப்பேன். மதினி செத்ததிலிருந்து அண்ணன் ராத்திரியில் வாசலுக்கும் கட்டிலுக்குமாக அலைகிறவன். இங்கே எட்டு மணிக்குப் படுத்தவன் மணியடிக்கும் வரை அசையாமல் தூங்கினான். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறிப்போனதுகூட அவனுக்கு நினைவில்லை. முகத்தில் பல வருஷத்துக்குப் பிறகு ஒரு தெளிச்சி. அதைப் பார்த்தும் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணி. தோப்புக்கு வெளியே, வெயிலில், எட்டு வடிவத்தில் ஆற்றுக் கூழாங்கல் பதித்த பாதை. அதில் வெறுங்காலோடு சுற்ற வேண்டும். பாதத்தில் எல்லா உறுப்புக்கும் புள்ளி இருக்கிறதாம். எங்கே வலிக்கிறதோ அந்த உறுப்பில் நோய். எல்லோரும் ஐயோ அம்மா என்று குதித்தார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த வாத்தியார் ஒருவர் பாதிச் சுற்றிலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தேன், உதறினான். சுடுகிற கல்லில் அவன் கடற்கரையில் நடக்கிற மாதிரி கைவீசி நடந்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, நின்றபாடில்லை. ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இவரைப் பாருங்கள். மூன்றே நாள். உடம்பில் ஒரு புள்ளிகூட வலிக்கவில்லை” என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். வாத்தியாரும் எழுந்து நின்று தட்டினார். அண்ணன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அவன் பின்னால் வெள்ளைக் கல், சாம்பல் கல், பிறகு ஒரு சிவப்புக் கல். அடுத்த அடியில் இன்னொரு சிவப்புக் கல். முதலில் கல்லின் நிறம் என்றுதான் நினைத்தேன்.

ஓடிப்போய் அவனைத் திண்டில் உட்கார வைத்து இடது காலைத் தூக்கினேன். கட்டைவிரலுக்குக் கீழே, உடைந்த கல்லின் சில்லு ஒன்று சதைக்குள் முழுசாக இறங்கியிருந்தது. பிடித்து இழுத்தேன். அவன் வாத்தியாரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான், பேச்சுகூட நிற்கவில்லை.

ஐயா குனிந்து பார்த்தார். கெட்ட ரத்தம் வெளியேறுகிறது, நல்ல அறிகுறி, மஞ்சள் வைத்தால் போதும் என்றார். வலிக்காததுதான் அவன் வியாதி என்று நான் கத்தினேன். அத்தனை பேரும் என்னைத்தான் முறைத்தார்கள். அண்ணனுக்கு என்னால் மானம் போய்விட்டது. செருப்புப் பெட்டியைத் திறக்க வைக்க அரைமணி நேரம் சண்டை. மீதி இரண்டு நாள் பணம் வராது என்று சொன்னார்கள், நான் கேட்கவே இல்லை.

பாபநாசம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்த ஒரு அம்மா, கணவனைக் கைத்தாங்கலாக இறக்கினாள். எங்கள் துணிப்பையில் முகாமின் பெயரைப் பார்த்துவிட்டு, குணம் தெரிகிறதா அண்ணாச்சி என்று அண்ணனிடம் கேட்டாள். வயக்காட்டை ஒத்திக்கு விட்டுப் பணம் புரட்டி வந்திருக்கிறாளாம். நான் கீழே உட்கார்ந்து, துண்டு சுற்றிய காலை அவிழ்த்துக் காட்டினேன். அண்ணன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“இவ அப்படித்தான் சொல்லுவா. நல்ல இடம் தாயி. நல்லாத் தூக்கம் வருது. தைரியமாப் போங்க.”

அந்த அம்மா என்னை இரக்கமாகப் பார்த்தாள். பாதியில் எழுந்து வந்தால் எந்த வைத்தியமும் திரும்பி அடிக்கும் என்று எனக்குச் சொல்லிவிட்டு, கணவனை ஆட்டோவில் ஏற்றினாள்.

நேரே பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். மூன்று நாள் மாத்திரை இல்லாத உடம்பில் சர்க்கரை ஏறிக் கிடந்தது. புண் உள்ளே ஓடியது. முதலில் கட்டைவிரல், அடுத்த வாரம் மற்ற விரல்களோடு முன்பாதம். வீட்டுக்கு வரும்போது இடது காலில் குதிகாலும் கொஞ்சமும் மிச்சம்.

பயணம் போனவர்கள் ஊரோடு ஒப்பிட்டு முடிப்பது வழக்கம். நானும் ஒப்பிடுகிறேன். பாபநாசத்தில் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைப்பது எங்கள் புன்னக்காயலில் சும்மாவே கிடைக்கிறது. பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருவர் கருஞ்சீரகம் கொண்டுவந்தார், ஒருவர் வேப்பம்பட்டை. போன ஞாயிறு, பூசை முடிந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர், விடியற்காலை ஈர மணலில் வெறுங்காலோடு நடந்தால் நரம்பு திரும்புமென்றும், அதற்குக் குலசேகரன்பட்டினம் பக்கம் ஒருவர் முறையாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்றும் சொன்னார். அண்ணன் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் வல்லம் அப்போது வேறு ஆட்களோடு கடலில் இருந்தது.

அவர் போனதும் என்னைக் கூப்பிட்டான். வலது காலைக் கையால் தடவிக்கொண்டே, பைய, சமாதானமாகத்தான் சொன்னான்.

“இருக்குற காலையாவது காப்பாத்தணும்லா, ஏட்டி. உனக்கு எப்போ லீவு கிடைக்கும்?”