குளிர் கேட்ட பூ

பம்பாயில், பல்லார்டு பியர் துறையில் கப்பலை விட்டு அத்தான் இறங்கி வந்தபோது, பெட்டியைக் கூலியிடம் கொடுத்துவிட்டு ஒரு பிஸ்கட் டின்னை மட்டும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். பாரசீகத்து எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாகச் சில வருடங்கள் இருந்துவிட்டு வருகிறவர் என்ன கொண்டுவந்திருப்பார் என்று எனக்கு ஆவல். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே மணலில் புதைந்து, சின்ன வெங்காயம் போல, வலை பின்னினாற்போன்ற பழுப்புத் தோலோடு கொஞ்சம் கிழங்குகள் கிடந்தன. அக்கா எட்டிப் பார்த்தாள். அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அது அறுபதுகளின் தொடக்கம். செம்பூரில் ஒரு காலனியின் தரைத்தள வீடு எங்களுடையது. அக்கா ஆஸ்பத்திரி நர்ஸ். அத்தான் வெளிநாட்டில் இருந்த சமயத்தில் அவர்களுடைய ஒரே பெண் குழந்தை தொண்டை அடைப்பான் கண்டு இறந்துபோயிற்று. எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்கவைத்த வார்டிலேயே அக்கா தன் பிள்ளையைப் பறிகொடுத்தாள். தந்தி போயிற்று. ஒப்பந்தம் முடியாமல் அத்தானை அங்கிருந்து விடவில்லை. அக்காவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என்னை ரயில் ஏற்றி அனுப்பினார்கள். தட்டெழுத்து தெரியும் என்பதால் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலையும் கிடைத்தது. நான் வந்து சேர்ந்தபோது குழந்தையின் துணிகள்கூட அந்த வீட்டில் இல்லை. பாப்பா என்ற சொல்லையே அக்கா வாயில் எடுக்கவில்லை. அத்தான் திரும்பி வந்த பிறகும் எடுக்கவில்லை. கல்லறைக்கு மட்டும் ஒருநாள் இருவரும் போய்விட்டு, பஸ்ஸில் தனித்தனி இருக்கைகளில் உட்கார்ந்து வந்தார்கள்.

அந்தக் கிழங்குகள் குட்டை ஐரிஸ். பாரசீகத்து மலைகளில் பனி உருகும்போது, பனிக்குள்ளிருந்தே தலைநீட்டிப் பூக்குமாம். ஒரு சாண் உயரம்கூட வராது, ஊதா நிறம், இதழின் நடுவே மஞ்சள் கோடு. விடுமுறை நாளில் யாரோ மலைக்கு அழைத்துப் போனபோது பார்த்தாராம். “ஒங்க அக்காவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னு நெனச்சேன் பிள்ள. அது நடக்கல. பூவையாவது கொண்டாருவோம்னு கொண்டாந்தேன்” என்றார் என்னிடம். அக்காவிடம் அதைச் சொன்னாரா என்று தெரியாது.

எங்கள் வீட்டு முகப்பில் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு துண்டு நிலம். வீடு கட்டியவர்கள் செங்கல் உடைசலையும் சுண்ணாம்புக் காரையையும் கொட்டி மேடாக்கிவிட்டுப் போன இடம். காலையிலிருந்து மாலைவரை வெயில் அடிக்கும். நான் வைத்த துளசியும் கனகாம்பரமும் அங்கே கருகிப்போயின. அத்தானுக்கோ அதைப் பார்த்து ஏக சந்தோஷம். “இதுக்கு இந்த மாதிரிக் காஞ்ச எடந்தான் வேணும். தண்ணி நின்னா அழுகிரும்” என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் சரளையும் மணலும் சேர்த்துக் கொத்தி, மழைக்காலம் நன்றாக ஓய்ந்த பிறகு கிழங்குகளை ஊன்றினார். காலனித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மாலி வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, “யே இதர் நஹி ஹோகா, சாப்”, இது இங்கே வராது என்று கையை விரித்துவிட்டுப் போனான். அடுத்த வீட்டு மராத்திக்கார அம்மாள் இரக்கப்பட்டு, அத்தான் இல்லாத நேரத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவைத்தாள். அந்தப் பக்கத்துக் கிழங்குகள் போயே போயின. அவளைக் கோபிக்கவும் முடியவில்லை.

தை மாதம் புல் மாதிரி மெல்லிய இலைகள் வந்தன. பூ வரவில்லை. வெயில் ஏறியதும் இலை மஞ்சளாகிச் சாய்ந்தது. மழை வருமுன் தோண்டி, மண்ணை உதிர்த்து, பழைய மெல்லிய துணியில் முடிந்து உத்தரத்தில் தொங்கவிட்டார். மழை முடிந்ததும் மறுபடி ஊன்றினார். அடுத்த வருடமும் இலைதான், அதற்கடுத்த வருடமும் இலைதான். ஒவ்வொரு தடவையும் கிழங்கு இளைத்துக்கொண்டே வந்தது. அத்தானுக்கு இங்கே நிலையான வேலை அமையவில்லை. குர்லாவில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுவார், சில மாதம் சும்மா இருப்பார். அக்கா டூட்டி முடிந்து வருவாள், வெள்ளைச் சேலையை மாற்றுவாள், சமைப்பாள், படுப்பாள். நானும் ஹார்பர் லைன் ரயில் நெரிசலில் நசுங்கி வந்து சுவரில் சாய்ந்து உட்காருவேன். ஆளுக்கொரு களைப்பு. யாரும் யாரையும் ஏன் என்று கேட்கிற தெம்பில் இல்லை. இப்போது நினைத்தாலும் அந்த வருடங்கள் எனக்கு ஒரே நீண்ட சாயங்காலம் போலத்தான் இருக்கின்றன.

ஒரே ஒரு முறை அக்கா அதைப் பற்றி வாய் திறந்தாள். சாதம் பரிமாறிக்கொண்டே, “ஒங்க வெங்காயம் என்ன சொல்லுது?” என்றாள்.

“குளிர் போதல” என்றார் அத்தான். “ரெண்டு மாசமாவது நல்ல குளிருக்குள்ள கெடக்கணும். அப்பத்தான் அதுக்குப் பூக்கணும்னு தோணும். பம்பாய்ல குளிருக்கு எங்க போக?”

அக்கா சாதச் சட்டியை மூடி உள்ளே எடுத்துப்போனாள். குழந்தை மண்ணுக்குள் கிடக்கையில் இவர் மலையில் பூப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், அந்தக் கோபம்தான் அவளுக்கு என்று நான் நினைத்தேன். பல வருடம் அப்படியே நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அத்தான் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, வலது கையும் காலும் போயின. பேச்சு குழறியது. அக்கா தன் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவர் கட்டிலில் படுத்தபடி உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நானும் அண்ணாந்து பார்த்தேன். கிழங்கு முடிச்சு அங்கே இல்லை. எலி இழுத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

மழை விட்டு, தீபாவளியும் போன பிறகு ஒரு சாயங்காலம் அக்கா முகம் சிவந்து வந்தாள். பையிலிருந்து ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“என்னக்கா இது?”

“அவிய வெங்காயம். வார்டுல மருந்து வைக்கிற பிரிஜ்ஜுல பின்னால வச்சிருந்தேன். இன்னைக்கு மேட்ரன் பாத்துட்டா.”

“பிரிஜ்ஜுலயா? எத்தனை நாளாக்கா?”

“அவிய விழுந்த கொஞ்ச நாள்லயே கொண்டுபோயிட்டேன். மருந்துக்குப் பக்கத்துல மண்ணுக் கிழங்கான்னு எல்லாருக்கும் முன்னால கேட்டா. கேட்டது சரிதானட்டி. குப்பை டப்பாவுல தூக்கிப் போட்டா. அவ போன பெறகு பொறுக்கிட்டு வந்தேன்.” செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “அடுத்த மாசம் வார்டு சிஸ்டர் ஆக்கணும்னு எம்பேரச் சொல்லியிருந்தாவ. இனி ஆக்க மாட்டாவ. போட்டும்.”

அந்தப் பதவி உயர்வுக்கு அவள் எத்தனை வருடம் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். உள்ளறைக் கட்டிலிலிருந்து அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அக்கா எழுந்து போய் அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே கொத்தினாள். அத்தானை ஜன்னலோரம் உட்காரவைத்திருந்தாள். ஆழம் போதாது என்றால் அவர் இடது கையை ஆட்டுவார், அவள் இன்னும் தோண்டுவாள். தண்ணீரை எந்த அளவு தெளிப்பது என்பதும் அப்படியே. தையில் ஒருநாள் காலை, அக்கா வாசலிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். செங்கல் உடைசலுக்கு நடுவே என் விரல் உயரத்தில் ஒரு பூ. ஊதா. நடுவில் மஞ்சள் கோடு. பக்கத்தில் இன்னொரு மொட்டு. அத்தனை கிழங்கில் பூக்க மனம் வைத்தவை அந்த இரண்டும்தான்.

நானும் அக்காவுமாக அத்தானை நாற்காலியோடு வெளியே தூக்கிவந்து வைத்தோம். அவர் குனிந்து பார்த்தார். வாயோரம் எச்சில் வழிந்தது, அக்கா முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு பூவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

“இவ்...வளவுதான்” என்றார் அத்தான்.

அக்கா சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. காபி போடலாம் என்று உள்ளே போனேன். டவராவில் ஊற்றி எடுத்து வாசலுக்கு வரும்போது, அத்தான் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்பது காதில் விழுந்தது.

“பாப்பா... கடைசில... என்னத் தேடுனாளா?”

நான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன்.

“தேடுனா” என்றாள் அக்கா. “கடைசி ரெண்டு நாளும் அப்பா எங்க, அப்பா எங்கன்னுதான் கேட்டா. தொண்டை அடைச்ச பெறகும் வாசலயே பாத்தா. அத ஒங்ககிட்ட எப்படிச் சொல்ல? தாங்க மாட்டீயன்னுதான் வாயையே தொறக்காம இருந்தேன். பாப்பா பேச்சை எடுத்தா இதுவும் வந்துரும்லா.”

அத்தான் அழுதார். நோய் வந்த பிறகு அவருக்கு அழுகையும் ஒரு பக்கமாகத்தான் வரும். அக்கா எழுந்து அவர் இடது பக்கமாக மாறி உட்கார்ந்துகொண்டு, பாப்பாவுக்கு முதல்நாள் காய்ச்சல் வந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். என்ன கஞ்சி கொடுத்தாள், எந்த டாக்டர் வந்தார், எந்தக் கவுனைப் போட்டு அடக்கம் செய்தார்கள், எல்லாம். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. நிழலுக்கு நகர்ந்து உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொண்டுவந்த காபியை ஓசைப்படாமல் உள்ளே எடுத்துப்போய், ஆறிப்போகட்டும் என்று வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.