காற்று வாத்தியம்

என் மகளின் இசைத் தேர்வுத் தாள் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. ‘காற்று வாத்தியங்கள் மூன்றின் பெயர் எழுதுக.’ படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே நெய்வேலியில், இதே கேள்விக்கு, முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் பதில் எழுதியிருக்கிறேன்.

அன்று புல்லாங்குழல், நாதஸ்வரம் எழுதிவிட்டு மூன்றாவது தெரியாமல் நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது, மைன்ஸில் ஷிப்ட் சங்கு ஊதியது. உடனே ‘சங்கு’ என்று எழுதிவிட்டேன். கடல் சங்கை நான் பார்த்ததுகூட இல்லை. டீச்சர் சரி போட்டார். ஷிப்ட் முடிந்து கரித்தூள் சட்டையோடு வந்த அப்பா சிரித்தார். “அப்போ நான் தெனமும் கச்சேரிக்குத்தான் போய்க்கினு இருக்கேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா ‘ஆர்மோனியம்’ என்று எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அதை வாசித்துக்கொண்டே பாடுகிறவள். டீச்சர் தப்பு போட்டார்.

“பின்னாடி அமுக்கி காத்து அடிக்கலன்னா அதுல சத்தமே வராதுங்க டீச்சர். வேணும்னா...”

“புக்குல இருக்கா? உக்காரு.”

எங்கள் வகுப்பில் உருப்படியாகப் பாடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இசையில் என்னைவிட அவளுக்குத்தான் மார்க் குறைவு. அந்த வருஷம் முழுக்க அவளை யாரும் பாடச் சொல்லவில்லை.

இப்போது மார்க் இல்லை, கிரேடாம். என் மகளுக்கு ‘ஏ’ போட்டிருந்தார்கள்.

“எங்கே, ஒரு பாட்டு பாடு பார்க்கலாம்” என்றேன்.

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பாட்டு போர்ஷன்லயே இல்லம்மா.”