ஒற்றைக் காது ரசிகை

ராத்திரி எங்கள் தென்காசி வீட்டுப் பக்கம் ‘டுங்... டுங்...’ என்று சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், அது என் தொழில். பேஸ் கிட்டார் முன்னால் நடக்க, மற்ற வாத்தியமெல்லாம் பின்னால் ஓடிவருமே, அந்த போஸ்ட்-பங்க் பாட்டுக்கு நான் முழுநேர ரசிகை. சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. பிள்ளை பிறந்த இந்த எட்டு மாதமாகப் பயமும் சேர்ந்துகொண்டது: நான் பாட்டில் மூழ்கிக் கிடக்கும்போது பிள்ளைக்கு மூச்சு நின்றுவிட்டால்? அதனால் ஹெட்போன் வலது காதுக்கு மட்டும். இடது காதைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. கைப்பிள்ளைக்காரிகளே, உங்களுக்குப் புரியும்.

மோட்டார்

ஹெட்போனில் சார்ஜ் தீர்ந்த அன்று சின்ன ஸ்பீக்கரில் போட்டேன். முதல் அரை நிமிடம் பேஸ் மட்டும்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிற இடம். அடுக்களையிலிருந்து மாமியார் டார்ச்சோடு ஓடிவந்தார்.

“ஏட்டி, மோட்டார் தண்ணியில்லாம ஓடுது, புகைஞ்சிரப் போகுது! நீ என்னன்னா அதுக்குத் தலையாட்டிக்கிட்டு நிக்கே!”

ஐந்தருவி

குற்றாலத்தில் சீசன் நேரம், நல்ல சாரல். பிள்ளை அவன் அப்பாவிடம். பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கொல்லத்துப் பெண். அவள் டீ-ஷர்ட்டில் என் பேண்டின் பெயர்! பள்ளிக்கூடம் முதல் நான் உயிரை விடுகிற போஸ்ட்-பங்க் இசைக்குழு. கான்வென்ட் படிப்பு சொல்லித்தந்த அடக்கமெல்லாம் தண்ணீரோடு போயிற்று. அருவிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசினோம். “புது ஆல்பத்துல ரெண்டாவது பாட்டு, இடது காதுல ஒரு கிட்டார் தனியா அழுமே!” என்றாள். அப்படி ஒரு கிட்டாரை நான் கேட்டதே இல்லை. அந்த ஆல்பம் வந்ததே பிள்ளை பிறந்த பிறகு. நூறு தடவை கேட்டும் பாதிப் பாட்டுதான் கேட்டிருக்கிறேன்!

நனைந்துகொண்டே பார்த்திருந்த மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, கேட்டாள்: “கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிச் சிரிக்கலையேட்டி, யாரு இவ?”

தடுப்பூசி

பிள்ளைக்கு ஊசி போடப் போன இடத்தில் டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். “ரெண்டு காதுலயும் ஹெட்போன் மாட்டலாமா மேடம்? அழுதா கேட்காதே. அழாமலே ஏதாவது ஆயிட்டா?” அவர் சிரிக்கவில்லை. பிள்ளையை இன்னொரு தடவை சோதித்துப் பார்த்தார்.

“நல்லா இருக்கான்மா. பிள்ளை பக்கத்துல ஒரு ஆள் வேணும்தான். அது எப்பவும் நீயாத்தான் இருக்கணும்னு யாரு சொன்னா?”

கச்சேரி

பல வருஷம் கழித்து என் பேண்ட் மேடையேறுகிறது, இணையத்தில் நேரடி ஒளிபரப்பு. அவர்கள் நாட்டில் சாயங்காலம், நமக்கு ராத்திரி ஒன்றரை. அதுதான் இன்றைக்கு. பிள்ளையை என் வீட்டுக்காரர் பொறுப்பில் படுக்கையறையில் விட்டுவிட்டு ஹாலுக்கு வந்தேன். ஒளிபரப்பு தொடங்கப் பத்து நிமிடம். பாதி சந்தோஷம், பாதி பயம். போய் எட்டிப் பார்த்தேன். பிள்ளையின் மார்பு ஏறி இறங்கியது. வந்தேன். மறுபடி போனேன். நான்காவது தடவை அவர் எழுந்து அறை வாசலில் வந்து நின்றார்.

“மூச்சு விடுதான்ட்டி! நான் முழிச்சுத்தான் இருக்கேன். நீ ரெண்டு காதுலயும் மாட்டு, போ!”

கதவைச் சாத்தி அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டார்: இந்த அம்மா வேலையில் பயம் போகவே போகாது, அதை இன்னொருத்தர் கையில் ஒரு மணி நேரம் கொடுத்து வைக்கலாம், அவ்வளவுதான்.