பதில் வந்தால்தான் பட்டன்

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. என் வேலைக்குப் பேச்சு தேவைப்பட்டதும் இல்லை.

தேவாரம் ஊர்ப் பக்கம் கிணற்று மோட்டார் பழுது பார்த்துவந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. என் மனைவியின் அண்ணன்தான் கூட்டாளி. மச்சான் கிணற்றுக்குள் இறங்குவார். மோட்டார் உள்ளே கல் மேடையில் இருக்கும். நான் மேலே மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பக்கம் நிற்பேன். மேலே நிற்கிறவனுக்குக் கீழே இருக்கிறவன் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். கரண்ட் விடும் முன் நான் கூப்பிடுவேன்.

"போடட்டுமா?"

கீழே ஒரு செருமல். பிறகு பதில்.

"போட்டுத் தொலை மாப்ள."

எப்போதும் இதே பேச்சுதான். அது வராமல் பச்சைப் பட்டனை நான் தொட்டதில்லை. தோட்டக்காரரே பக்கத்தில் நின்று போடச் சொன்னாலும் போட மாட்டேன். மோட்டார் பக்கம் இருக்கிற ஆள்தான் சொல்ல வேண்டும்.

போன வருஷம் மச்சான் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. மாதா கோயிலில் பூசை வைத்து, கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்தோம். அதன் பிறகு கிணற்றில் இறங்க ஆளில்லை. எனக்கு முழங்கால் மடங்காது. வேலை நின்றுபோனது.

தேனிப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் பம்ப்செட் வேலை கற்றுக்கொடுக்க ஆள் தேடினார்கள். என் மனைவிதான் விசாரித்து வந்தாள்.

"படிப்பு பெருசில்லையாம். தொழில் தெரிஞ்சாப் போதும்னு சொன்னாக. ஆனா அவுக முன்னால நின்னு பாடம் நடத்திக் காட்டணுமாம்."

"பேசணுமா?"

"பின்ன, கையக் கால ஆட்டியா நடத்துவாக?"

வீட்டில் பழகிப் பார்த்தேன். "மாணவர்களே" என்று ஆரம்பித்ததும் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அது சரிப்படவில்லை. தெரிந்த ஒருவரின் தென்னந்தோப்பில் மோட்டார் ரூம் சாவி வாங்கினேன். மெயின் ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் பாடம் நடத்தினேன்.

மலையிலிருந்து காற்று இறங்குகிற மாசம். வெளியே ஓலைகள் ஓயாமல் அடித்துக்கொண்டன. ரூமுக்குள் மட்டும் காது அடைத்த மாதிரி இருந்தது.

"முதல்ல வோல்ட் பாக்கணும். ஃபியூஸ் பாக்கணும். அப்புறம் மோட்டார் பக்கம் இருக்கிற ஆளக் கூப்பிடணும்."

பழக்கத்தில் கூப்பிட்டும் விட்டேன்.

"போடட்டுமா?"

செருமல் கேட்டது.

"போட்டுத் தொலை மாப்ள."

என் கை தானாகப் போய்ப் பட்டனை அமுக்கியது. கரண்ட் இல்லாததால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. வெளியே போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். மேடையில் மோட்டார் இருந்தது. ஆளில்லை. கிணற்றுக்குள் ஆள் சத்தம் கேட்டால் பொந்துப் புறாக்கள் பறக்கும். அவை அப்படியே உட்கார்ந்திருந்தன.

மறுநாளும் போனேன். பதில் வந்தது. அடுத்த நாளும் வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதில் வந்த பிறகு எனக்குப் பேச்சு நன்றாக ஓடியது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் அவள் சோறு கொண்டுவந்தாள். நான் கூப்பிட்டேன். பதில் வந்தது. திரும்பினால் பக்கவாட்டு வாசலில் நிற்கிறாள். கையில் தூக்குவாளி.

"எங்கண்ணன் மாதிரிப் பேசாதீக."

"நான் பேசல. கிணத்துலருந்து வந்துச்சு."

"கிணத்துலயா? ஒங்க வாயப் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். மாதாவே!" சிலுவை போட்டுக்கொண்டாள். "இன்னொருக்கா கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். உடனே உதட்டை விரலால் பிடித்துக்கொண்டேன். பதில் வரவில்லை. வெளியே ஓலைச் சத்தம் மட்டும்.

அவள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கன போயி இதச் செஞ்சிராதீக. கிறுக்கன்னு அனுப்பிருவாக. நமக்கு வேற வழியில்ல."

நேர்காணல் அன்று ஒரு மேடமும் ஒரு சாரும் இருந்தார்கள். ஸ்டார்ட்டர் போர்டு அறைக்குள் இருந்தது. மோட்டார் சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில். வோல்ட் சொன்னேன். ஃபியூஸ் சொன்னேன். கூப்பிடுகிற இடம் வந்தது. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாக்கு விடவில்லை.

"போடட்டுமா?"

பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை.

"போடுங்க" என்றார் சார்.

கை எழவில்லை.

"மறந்துட்டீங்களா?"

"அந்தப் பக்கம் ஆளில்ல சார். பதில் வரணும்."

சார் மேடத்தைப் பார்த்தார். வேலை போயிற்று என்று தெரிந்தது. என் மனைவி வாசல்படியில் உட்கார்ந்தது ஞாபகம் வந்தது.

"மேடம், நீங்க இந்தப் பட்டன் பக்கம் நில்லுங்க. நான் மோட்டார் பக்கம் போறேன். கூப்பிடுங்க. பதில் வந்தாத்தான் பட்டன்."

சுவரைச் சுற்றிப் போனேன். அங்கே யாரும் இல்லை. இத்தனை வருஷத்தில் மோட்டார் பக்கம் நின்று அந்தக் கூப்பாட்டை நான் கேட்டதே இல்லை. மேடத்தின் குரல் எங்கோ மேலேயிருந்து வருகிற மாதிரி வந்தது.

"போடட்டுமா?"

'போடுங்க மேடம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தொண்டை செருமியது.

"போட்டுத் தொலை மாப்ள."

மோட்டார் ஓடியது. தொட்டியில் தண்ணீர் கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குப் பிடரி சில்லிட்டுப் போயிருந்தது. வாய் என்னுடையதுதான். குரல் என்னுடையது இல்லை.

வேலை கொடுத்தார்கள். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக நின்று, கூப்பிட்டு, பதில் சொல்லிப் பழகட்டும் என்று மேடமே சொன்னார். முதலில் நான் செய்து காட்டுவேன். ஸ்டார்ட்டர் பக்கம் ஒரு பிள்ளை, மோட்டார் பக்கம் நான். வேறு மாதிரிப் பதில் சொல்லப் பார்த்திருக்கிறேன். வரவில்லை.

சில நாள் என் மனைவி பஸ் ஏறி வருவாள். சோற்றைக் கொடுத்துவிட்டுப் போக மாட்டாள். தொட்டிச் சுவருக்கு மறைவில் நிற்பாள். ஒரு தடவை, வகுப்பு ஆரம்பிக்கும் முன் அவளிடம் போனேன். அவள் திரும்பி நின்றுகொண்டாள்.

"போயி நடத்துங்க. மூஞ்சியக் காட்டாதீக. எங்கண்ணன் குரலக் கேட்டுட்டுப் போயிருதேன்."